துப்பாக்கிக்குப் புலி வேஷம்

போபாலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் அப்பா அந்தக் காலத்து ஷிகாரி. அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு. அவருடைய ரைஃபிள் மட்டும், முறையான லைசென்ஸோடு, பீரோவில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பேரன் மூன்று ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றான்.

"அங்கிள், தாத்தா துப்பாக்கிக்குக் கேமோ அடிக்கப் போறேன். ஹெல்ப் பண்றீங்களா?"

வீடியோ பார்த்து எல்லாம் கற்று வைத்திருக்கிறான். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கணும், குழல் வாயை டேப் ஒட்டி மூடணும், முதலில் மண் நிறம், அது காய்ந்ததும் இலையையோ பழைய கொசுவலையையோ மேலே வைத்துப் பச்சை, பழுப்பு. வேலை சுலபம்தான். "முதல்ல டீயைக் குடி, ஒரு கதை சொல்றேன்" என்றேன். அந்தக் கதைதான் இது.

இப்படிக் கையில் கிடைத்ததை வைத்து நிறம் மாற்றும் வேலைக்கு நம் துணைக்கண்டத்திலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1846-ல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற அதிகாரி 'கைட்ஸ்' என்ற படையைத் திரட்டினார். பிரிட்டிஷ் படை என்றாலே சிவப்புக் கோட்டு என்றிருந்த காலம். இவர்களோ வெள்ளைப் பருத்தித் துணியை உள்ளூரிலேயே புழுதி நிறத்துக்குச் சாயம் போட்டுக்கொண்டார்கள். பாரசீகத்தில் 'காக்' என்றால் புழுதி. நம்ம ஊர் போலீஸ்காரர் போடுகிற காக்கி அங்கிருந்து வந்ததுதான்.

1857-ல் டெல்லியை நோக்கிப் போன வெள்ளைக்காரப் படைகளும் தங்கள் வெள்ளை உடுப்பைக் கிடைத்த சாயத்தில் முக்கின. ஒரே ரெஜிமென்ட்டில் ஆளுக்கொரு நிறம். கலகம் அடங்கியதும் பழையபடி வெள்ளைக்கும் சிவப்புக்கும் திரும்பிவிட்டார்கள். மிடுக்கு முக்கியமாச்சே!

அந்த மிடுக்குக்கு வேட்டு வைத்தது வெடிமருந்து. பழைய கருமருந்தில் ஒரு குண்டு சுட்டாலே புகை மண்டலம். உடுப்பு எந்த நிறமாயிருந்தாலும் சுட்டவன் இருக்குமிடம் தெரிந்துவிடும். 1886-ல் பிரெஞ்சுக்காரர்கள் புகையில்லாத மருந்தில் சுடும் லெபெல் ரைஃபிளைக் கொண்டுவந்தார்கள். மற்ற நாடுகளும் பின்னாலேயே வந்தன. அதற்கப்புறம் ஒளிந்து சுடுபவனைக் கண்டுபிடிக்கப் புகை கிடையாது. மின்னும் பொத்தானும் உலோகமும்தான் காட்டிக்கொடுக்கும்.

இதன் விலை என்ன என்பது 1899 டிசம்பர் 11 அன்று தென்னாப்பிரிக்காவில், மாகர்ஸ்ஃபோன்டைனில் தெரிந்தது. எதிரே இருந்த போயர்கள் விவசாயிகள், பலர் வேட்டைக்காரர்கள். அழுக்கேறிய அன்றாட உடை, கையில் மௌசர் ரைஃபிள். குன்றின் மேலே இருப்பார்கள் என்று பிரிட்டிஷார் குறிவைக்க, அவர்களோ அடிவாரத்தில் பதுங்குகுழி வெட்டிக் காத்திருந்தார்கள். ஸ்காட்லாந்து வீரர்களின் கருத்த கில்ட் பாவாடைக்கு முன்பக்கம் மட்டும் காக்கி ஏப்ரன் கட்டியிருந்தது. குண்டுமழையில் குப்புறப் படுத்ததும் மேலே தெரிந்தது மறைக்காத பின்பக்கம்! நாள் முழுக்க வெயிலில் கிடந்து முழங்காலின் பின்புறம் வெந்துபோனது. விடியும் வேளையில் நெருக்கமாக அணிவகுத்துப் போனதும் பெரிய தப்பு. அன்று பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாமாக 900 பேருக்கு மேல்.

அப்புறமும் எல்லோரும் பாடம் கற்கவில்லை. 1914-ல் பிரெஞ்சு வீரர்கள் சிவப்புக் கால்சட்டையோடுதான் போருக்குக் கிளம்பினார்கள். அடுத்த வருஷமே அதே நாட்டு ராணுவம் ஓவியர்களை வைத்துக் 'கேமோஃப்ளாஜ்' பிரிவு தொடங்கியது. கிரான்டு சேலோன்களில் படம் வைத்த கைகள் பீரங்கிக்கு வண்ணம் அடித்தன. ஆந்த்ரே மார் என்ற க்யூபிஸ ஓவியர் பீரங்கியின் உருவத்தையே துண்டு துண்டாக உடைத்துக் காட்டினார். பிரிட்டிஷ் பக்கம், ஹெஸ்கெத்-ப்ரிச்சர்ட் என்ற வேட்டைக்காரர் 1916-ல் குறிபார்த்துச் சுடுவதற்கென்றே ஒரு பள்ளி நடத்தினார்.

இவர்கள் எல்லோரும் கண்டுகொண்டது ஒன்றுதான். காட்டிக்கொடுப்பதில் முதலிடம் அசைவுக்கு, அப்புறம் மினுமினுப்புக்கும் உருவக்கோட்டுக்கும். நிறம் கடைசியில்தான். நம்ம புலியையே பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஜொலிக்கிறது. ஆனால் மான் கண்ணுக்குச் சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாது. அதற்குப் புலியும் புல்லும் ஒன்றுதான். கோடுகள் உருவத்தை உடைத்துவிடுகின்றன, மீதியைப் புலியின் பொறுமை பார்த்துக்கொள்கிறது.

"சரி அங்கிள், நான் அடிக்கவா வேண்டாமா?"

"யார் கண்ணிலிருந்து மறைக்கணும்?" என்றேன். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இந்தத் துப்பாக்கிக்குக் காட்டில் வேலை இல்லை. மான் பார்க்கப் போவதில்லை. பார்க்கப் போவது நாம்தான்.

பையன் பதில் சொல்லவில்லை. பின்கட்டையைத் திருப்பிப் பார்த்தான். ஓரிடத்தில் மட்டும் பாலிஷ் போய், மரம் வழவழவென்று வெளுத்திருந்தது. அவன் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க தாத்தா கன்னம் வைக்கிற இடம் அது."

பெயின்ட் அதையும் மூடியிருக்கும்.

துப்பாக்கி துணி சுற்றிக்கொண்டு பீரோவுக்குத் திரும்பியது. மூன்று டப்பாவும் மொட்டை மாடிப் பூந்தொட்டிகளுக்குப் போயின. கொசுவலை வைத்து அடித்த கேமோ பிரமாதம். தண்ணீர் ஊற்றப் போனால் செடிகளுக்கு நடுவே தொட்டியைத் தேட வேண்டியிருக்கிறது :-)