சுகர் லேண்டும் றொக் அன்ட் றோலும்

ஏ.எல். வரைக்கும் படித்துவிட்டு இஞ்சை பக்டரியில் வேலை செய்கிறவன் நான். இவனுக்கு ஏன் சரித்திரம் எண்டு சிலர் கேட்கக்கூடும். நாங்கள் குடியிருக்கிற மண்ணின் கதை எங்கட பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

சுகர் லேண்ட் என்ற பெயர் கரும்பாலும் சீனி ஆலையாலும் வந்தது. 1865இல் அடிமை முறை ஒழிந்தபின், ரெக்சாஸ் அரசு சிறைக் கைதிகளைத் தோட்டக்காரருக்குக் குத்தகைக்கு விட்டது. இங்கே கரும்பு வெட்டிச் செத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். 2018இல் பாடசாலைக் கட்டிடத்துக்கு நிலம் வெட்டியபோது, அப்படிப்பட்ட 95 பேரின் எலும்புகள் வெளியே வந்தன.

குத்தகை முறை போனபிறகும் அரசாங்கத்தின் சிறைப் பண்ணை இருந்தது. அங்கே 1920களில் கிடந்த ஒரு கைதிதான் 'லெட் பெலி' என்று பெயர்பெற்ற ஹடி லெட்பெற்றர். பன்னிரண்டு நரம்புக் கிற்றார் வாசிப்பவர். ஆளுநர் பற் நெவ் முன்னால் பாடினார். 1925இல் மன்னிப்புக் கிடைத்து வெளியே வந்தார். 1949இல் இறந்தும் போனார். அவர் பாடிப் பதிவுசெய்த 'றொக் ஐலண்ட் லைன்' பாட்டை லொனி டொனகன் என்ற பிரித்தானியர் பாட, 1956இல் அது அங்கே பெரும் பிரபலம். அந்த அலையில் கிற்றார் தூக்கிய பொடியன்களில் ஒருவர் ஜோன் லெனன். அவர் தொடங்கிய குழுதான் பின்னாளில் பீற்றில்ஸ் ஆனது.

பக்கத்தில் இருக்கிற ஹூஸ்ரனுக்கும் இதில் பங்குண்டு. டொன் றோபி என்ற கறுப்பினத்தவர் 1949இல் அங்கே பீக்கொக் இசைத்தட்டுக் கம்பனியைத் தொடங்கினார். பிக் மாமா தோர்ன்ரன் பாடிய 'ஹவுண்ட் டோக்' 1953இல் அந்தக் கம்பனியில் வந்தது. எழுதியவர்கள் பத்தொன்பது வயது வெள்ளை இளைஞர்கள் இருவர். 1956இல் எல்விஸ் பிறெஸ்லி அதையே பாடி உலகப் புகழ் பெற்றார். தோர்ன்ரனோ தனக்குக் கிடைத்தது 500 டொலர்தான் என்று பிறகு சொன்னார்.

சமூகம் எப்படி மாறியது? அந்தக் காலத்தில் தெற்கு மாநிலங்களில் பள்ளிக்கூடம், பஸ், சாப்பாட்டுக் கடை எல்லாம் நிறத்தால் பிரிந்திருந்தன. ஆனால் வானொலி அலைக்கு வேலி போட ஏலுமா? 1954இல் சட்டைப் பைக்குள் வைக்கக்கூடிய ட்ரான்சிஸ்ரர் றேடியோ வந்தது. அதற்குள் இருந்த ட்ரான்சிஸ்ரர்களைச் செய்தது ரெக்சாஸ் கம்பனி ஒன்றுதான். தாய் தகப்பனுக்குத் தெரியாமல் வெள்ளைப் பிள்ளைகள் சக் பெரியையும் லிற்றில் றிச்சர்ட்டையும் கேட்டார்கள். மண்டபத்தில் நடுவே கயிறு கட்டி இரு பக்கமும் பிரித்து நிறுத்தினாலும், ஆட்டம் தொடங்கினால் சில இடங்களில் கயிறு நிற்கவில்லை. பெரியவர்கள் பயந்தார்கள். 1955இல் ஹூஸ்ரனில் இளைஞர் குற்றத்தைத் தடுக்க அமைந்த குழு ஒன்று வானொலியில் போடக்கூடாத பாட்டுக்களின் பட்டியலே தயாரித்தது. அவற்றில் பெரும்பாலானவை கறுப்பினப் பாடகர்களுடையவை.

பாட்டு மட்டும் சட்டத்தை மாற்றிவிடவில்லை. 1960 மார்ச்சில் ஹூஸ்ரன் கறுப்பின மாணவர்கள் தங்களுக்குச் சாப்பாடு மறுத்த கடை மேசையில் போய்க் குந்தினார்கள். அப்படிப்பட்ட போராட்டங்களால்தான் 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. ஆனால் ஒரே பாட்டுக்கு ஆடிப் பழகிய தலைமுறைக்கு, பக்கத்தில் இருந்து சாப்பிடுவது அவ்வளவு அதிசயமாகப் படவில்லை என்று நான் நினைக்கிறேன். அதே 1964இல் பீற்றில்ஸ் குழுவும் புளோரிடாவில் நிறம் பிரித்த கூட்டத்துக்குப் பாடமாட்டோம் என்று சொன்னது.

எங்களுக்கும் இது புதிதல்ல. ஆபிரிக்க, போர்த்துக்கேய வேர்களில் இருந்து இலங்கையில் பைலா வந்தது. யாழ்ப்பாணத்தில் நிதி கனகரத்தினம் போன்றவர்கள் பொப்பிசை பாடியபோது பெரிசுகள் முகம் சுளித்தார்கள். இண்டைக்கு எங்கட கலியாண வீட்டில் அந்தப் பாட்டில்லாமல் முடியுதா?

ஆகவே பிள்ளைகள் கேட்கிற பாட்டை 'காட்டுக் கத்தல்' எண்டு உடனே நிறுத்தாதேயுங்கோ. பக்கத்தில் இருந்து, இது ஆர் பாடினது, எங்கே இருந்து வந்தது எண்டு கேளுங்கோ. எங்கட அம்மம்மாமார் பாடின தாலாட்டையும் வயல் பாட்டையும் அவர்களுக்குச் சொல்லிக் குடுங்கோ. பாடினவரின் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கோ. சீனி ஆலைக்கு உழைத்த அந்த 95 பேரின் பெயரை அண்டைக்கு ஒருவரும் கல்லில் எழுதி வைக்கவில்லை. எங்கட சனத்துக்கு அந்தக் கதி வரக்கூடாது.