மார்க் கரைந்த காலம்

முதல் உலகப்போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 ஜெர்மன் மார்க். 1923 நவம்பரில் அதே டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். போர்ச் செலவுக்கு வரி போடாமல் கடன் வாங்கிய ஜெர்மனி, தோற்றபின் நோட்டடித்தே காலம் தள்ளியது. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் ரூர் பகுதிக்குள் நுழைந்ததும், அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குக் கூலியும் அச்சகத்திலிருந்தே வந்தது.

இந்தப் பணவீக்கத்தில் கொழித்தவர் நிலக்கரி முதலாளி ஹூகோ ஸ்டின்னஸ். வங்கியில் மார்க்கில் கடன் வாங்கி சுரங்கம், கப்பல், ஓட்டல், பத்திரிகை என வாங்கிக் குவித்தார். கடனைத் திருப்பும்போது அந்தப் பணத்துக்கு மதிப்பே இல்லை. 1922 ஜூலை வரை மத்திய வங்கியான ரைஷ்பாங்கின் வட்டி 5 சதவீதம்தான். கடனாளிக்கு ஏறக்குறைய இனாம்.

தேசபக்தியோடு போர்ப் பத்திரம் வாங்கிய ஆசிரியர்கள், ஓய்வூதியர்கள், விதவைகளின் வாழ்நாள் சேமிப்பு ஒரு ரொட்டிக்குக்கூடக் காணவில்லை. 1923 நவம்பரில் ரென்டன்மார்க் என்ற புதிய பணம் வந்தது: ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒன்று. 1925-இல் இயற்றிய சட்டம் அடமானக் கடன்களுக்கு 25 சதவீத மதிப்பைத் திருப்பித் தந்தது. போர்ப் பத்திரக்காரர்களுக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. ஸ்டின்னஸ் 1924-இல் இறந்தார். கடனில் நின்ற அவரது தொழில் சாம்ராஜ்யம் மறு ஆண்டே சரிந்தது.