ஓரெழுத்துக் கட்டளை வந்த வழி

விம் எடிட்டரில் கோப்பு முழுவதும் ஒரு சொல்லை மாற்ற, :%எஸ்/பழையது/புதியது/ஜி என்ற ஒரு வரி போதும். புதிதாகக் கற்பவர்களுக்கு இது மந்திரம்போலத் தெரியும். எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

1969-இல் நியூ ஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸன் யூனிக்ஸைத் தொடங்கியபோது ‘எட்’ என்ற எடிட்டரையும் எழுதினார். அதற்குத் திரை கிடையாது. டெலிடைப் இயந்திரம் நொடிக்குப் பத்து எழுத்து வீதம் காகிதத்தில் தட்டும். அந்த வேகத்தில் ஒவ்வோர் எழுத்தும் காத்திருப்புதான். அதனால் கட்டளைகளெல்லாம் ஓரெழுத்தாயின. ‘எஸ்’ என்றால் மாற்று. தவறாக அடித்தால் பதிலாக வருவது ஒற்றைக் கேள்விக்குறி. திருத்திய வரியைப் பார்க்க வேண்டுமானால், அதை அச்சிடச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும்.

சாய்கோடுகளுக்கு இடையே வெறும் சொல் மட்டுமல்ல, சொல்லின் வடிவத்தையே எழுதித் தேடலாம் என்பதுதான் இந்தக் கட்டளையின் உண்மையான பலம். கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி 1950-களில் வகுத்த குறியீட்டைத் தாம்ஸன் எடிட்டருக்குள் கொண்டுவந்தார். அந்தத் தேடல் முறையை 1968-இல் கட்டுரையாகவும் வெளியிட்டார். அதே கட்டளை பிறகு, கோப்பை எடிட்டரில் திறக்காமலே திருத்தும் ‘செட்’ கருவிக்கும் பெர்ல் மொழிக்கும் போனது.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய், 1976 வாக்கில் ‘எட்’ வழியைப் பின்பற்றி ‘எக்ஸ்’ என்ற எடிட்டரை எழுதி, அதற்குத் திரைமுகமாக ‘வி.ஐ.’யைச் சேர்த்தார். விம்மில் இன்று முக்காற்புள்ளி அடித்ததும் நாம் நுழைவது அந்தப் பழைய வரி எடிட்டரின் உலகத்துக்குள்தான். பிராம் மூலெனார் 1991-இல் விம்மை வெளியிட்டபோதும் இந்த இலக்கணத்தை மாற்றவில்லை. நல்ல முடிவு.

கற்கும்போது கவனிக்க வேண்டியது கடைசி எழுத்தை. ‘ஜி’ இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் முதலில் வருவது மட்டுமே மாறும். ‘ஜி’யோடு ‘சி’யும் சேர்த்தால் ஒவ்வோர் இடத்திலும் நின்று, மாற்றவா என்று கேட்கும். தமிழில் எழுதுபவர்கள் இந்தச் ‘சி’யை விடவே கூடாது என்பேன். ‘கல்’லைப் ‘பாறை’ ஆக்கச் சொன்னால் ‘கல்வி’ ‘பாறைவி’ ஆகிவிடும். ‘கல்லை’ ‘பாறைலை’ ஆகிவிடும். முழுச் சொல்லை மட்டும் பிடிக்கும் எல்லைக்குறிகளைப் போட்டால் ‘கல்வி’ தப்பிக்கும். ஆனால், வேற்றுமை உருபேற்ற ‘கல்லை’, ‘கல்லின்’ எதுவும் சிக்காது. அவற்றுக்குத் தனித்தனியாகக் கட்டளை எழுத வேண்டும்.

விம்மின் கிளையான நியோவிம்மில் கட்டளையை அடிக்க அடிக்கவே கோப்பில் சொற்கள் மாறித் தெரிகின்றன. எங்கே தப்பாகப் போகிறது என்பதை என்டர் தட்டுமுன்பே பார்த்துவிடலாம்.