வீணைத் தந்தியும் ஷேவிங் மெஷினும்

ராணிப்பேட்டையின் தொழில் சரித்திரத்தை எழுதுகிறவர்கள், 1906-ல் பாரி கம்பெனி இங்கே சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரிக்கத் தொடங்கியதில் ஆரம்பிப்பார்கள். அடுத்து தோல், சிப்காட், பெல் என்று போய் முடித்துவிடுவார்கள். அந்த மெஷின்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்த சின்னப் பட்டறைகளுக்கு ஒரு வரி கூட கிடையாது. மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதுங்க சார்" என்று கேட்டபோது, விடுபட்ட அந்த வரியை எழுதலாமே என்று தோன்றியது.

ஒரு காலத்தில் நம் பகுதித் தோல் பெரும்பாலும் ஆவாரம்பட்டையில் பதனிட்ட, பாதி முடிந்த சரக்காகவே கப்பலேறியது. கனம் முன்னே பின்னே இருந்தால் வாங்குகிறவன் அங்கே சீவிக்கொள்வான். 1972-ல் சீதாராமையா கமிட்டி சிபாரிசு செய்தது. 1973 முதல் மத்திய அரசு பாதி முடிந்த தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து, முழுவதும் முடித்த தோலுக்கு ஊக்கம் கொடுத்தது. சீவுகிற பொறுப்பு நம் தலையில் வந்து விழுந்தது. ஷூ மேல்தோல் என்றால் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பான் வாங்குகிறவன். அதுவரை நூல் கணக்கில் பேசிக்கொண்டிருந்த ஊர், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைப் பற்றிப் பேசத் தொடங்கியது இப்படித்தான்.

தோலைச் சீவுவது ஷேவிங் மெஷின். சுருள் சுருளாக பிளேடு பதித்த நீண்ட சிலிண்டர் அதன் உயிர். பிளேடு மழுங்காமல் இருக்க, ஒரு சாணைக்கல் தண்டவாளம் போன்ற வழியில் சிலிண்டர் நெடுக ஓடி ஓடித் தீட்டும். வருஷக்கணக்கில் ஓடினால் அந்த வழி நடுவில் தேய்ந்துபோகும். தேய்ந்த இடத்தில் கல் பின்வாங்கும். அங்கே பிளேடு குறைவாக அரைபடும். சிலிண்டர் நடுவில் பீப்பாய் மாதிரி பருத்து நிற்கும். தோல் நடுவில் மெலியும்.

படிப்பு முடிந்த கையோடு நான் சேர்ந்தது மூன்று லேத் போட்ட ஒரு பட்டறை. ஒரு நாள் ஒரு தோல் ஷாப்பிலிருந்து ஆள் வந்தது. சரக்கு முதுகெலும்பு வாட்டத்தில் மெலிகிறது, ஆபரேட்டர் கை சரியில்லை, நஷ்டத்தை அவன் கூலியில் பிடிக்கப்போகிறோம் என்றார்கள். இருபது வருஷம் அதே மெஷினில் நின்ற மனிதர் அவர். "மெஷின் மேல தப்புன்னு நான் வாயால சொன்னா எடுபடாது மேஸ்திரி. நீங்க அளந்து சொல்லுங்க" என்றார்.

எங்களிடம் இருந்தது ஒரு டயல் கேஜ். நேரான, நம்பகமான ஸ்ட்ரெய்ட் எட்ஜ் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஏது? நான் ரசமட்டத்தை எடுத்தேன். மேஸ்திரி சிரித்தார். "மேல கீழ இறங்கினா இறங்கட்டும் தம்பி. முன்ன பின்ன போச்சான்னு பாரு."

இன்றைய மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மி.மீ. விட்டமுள்ள வேலையைக் கடையும் லேத்தில் டூல் 0.1 மி.மீ. கீழே இறங்கினால், விட்டம் மாறுவது 0.0004 மி.மீ. மட்டுமே. அதே 0.1 முன்னே பின்னே நகர்ந்தால் மாற்றம் 0.2 மி.மீ. ஐந்நூறு மடங்கு! எங்கள் மெஷினில் கல் சிலிண்டருக்கு நேர் பின்னால் இருந்ததால் இதே நியாயம்தான். ரசமட்டம் காட்டுவது தோலுக்கு ஒட்டாத தேய்மானத்தை.

மேஸ்திரி எடுத்தது வீணைக்குப் போடும் எஃகுத் தந்தி. ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை உருளை மேல் விட்டு எடைக்கல் தொங்கவிட்டார். தந்தி தொய்யும், ஆனால் கீழ்நோக்கித்தான் தொய்யும், பக்கவாட்டில் நேராகவே நிற்கும். குடியாத்தம் லுங்கி நெசவாளிகள் இழை எண்ணும் லென்ஸ் ஒன்று, அதில் ஊசியால் கீறிய கண்ணாடித் துண்டு, வில் உடைந்த மைக்ரோமீட்டரின் திருகு. மூன்றையும் சேர்த்துக் கல் ஓடும் வண்டியில் பொருத்தினோம். 15 சென்டிமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி, கீறல் தந்தியைத் தொடும்வரை திருகி, அளவைக் குறித்தோம். நடுவில் 0.14 மி.மீ. பள்ளம்.

தந்தியே கோணல் என்று சொன்னால்? கழற்றி, முனை மாற்றிக் கட்டி மறுபடி அளந்தோம். கோணல் தந்தியுடையதாக இருந்தால் அளவு மாறியிருக்கும். மாறவில்லை. கைச்செய்கருவியை நம்பலாமா என்பதற்கு பதில் இதில்தான் இருக்கிறது: அது தன் தப்பைத் தானே காட்டிக்கொடுக்க இடம் தர வேண்டும். விலை உயர்ந்த கருவிகள் சில அதைக் கூட செய்வதில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இது ஏதோ வசதியில்லாத ஊரின் சமாளிப்பு என்று நினைக்க வேண்டாம். ஸ்லிப் கேஜ் கண்டுபிடித்த ஸ்வீடன்காரர் ஜோஹான்சன், அந்தக் கட்டைகளை வீட்டில் மனைவியின் தையல் மெஷினை மாற்றியமைத்துத்தான் தேய்த்தார். விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் விளக்கிய சமதளத் தகடு முறைக்கு வேண்டியதும் மூன்று தகடுகள், கொஞ்சம் சாயம், பொறுமை, அவ்வளவுதான். இரண்டு தகடு ஒன்றோடொன்று பொருந்தினால் ஒன்று குழியாகவும் மற்றது மேடாகவும் இருக்கலாம். மூன்றாவது வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எங்களுக்கு ஸ்ட்ரெய்ட் எட்ஜ் பிறந்ததும் அப்படித்தான். பழைய வார்ப்பிரும்புச் சட்டங்கள் மூன்றை மாற்றி மாற்றி ப்ளூ தடவிச் சுரண்டினோம். அதை வைத்துத் தேய்ந்த வழியைச் சுரண்டி நேராக்க ஒன்பது நாள். சிலிண்டரை மறுபடி தீட்டி, தந்தி கட்டிப் பார்த்தபோது 0.02. ஆபரேட்டரின் கூலியில் கை வைக்கவில்லை. பட்டறை பில்லைத்தான் மூன்று தவணையாகக் கொடுத்தார்கள்!

இப்போது லேசர் வைத்து ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடுகிறார்கள், நல்லதுதான். அந்த லென்ஸும் திருகும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். உங்கள் வீட்டுப் பரணில் இதுபோல் ஏதாவது கிடந்தால் நீங்களும் எடுத்து வாருங்கள். மாணவர்கள் தொட்டுப் பார்க்கட்டும்.