ஓலையில பத்தி கிடையாது: தமிழ் உரைநடை கோர்வையான கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன வருஷம் நான் ஒரு மனு எழுதினேன். அப்பா தவறினதுக்கு அப்புறம் அம்மாவுக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் நின்னு போயிருந்தது. காரணம் ரொம்பச் சின்னது. அப்பாவோட பணிப் பதிவேட்டுல அம்மாவோட முழுப்பேர் இருக்கு, ஆதார்ல சுருக்கமா இருக்கு.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அப்பா எத்தனை வருஷம் வேலை பார்த்தார், அம்மாவுக்கு சுகர், பேங்க்குக்கும் ஆபீஸுக்கும் நடந்த அலைச்சல், எல்லாம் இருந்துச்சு. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘மேலும்’, ‘எனவே’, ‘ஆகையால்’ போட்டிருந்தேன். ஆறு வாரம் கழிச்சு மனு திரும்பி வந்துச்சு. என்ன கேக்குறீங்கன்னு தெளிவா இல்லைன்னு ஒரு வரி. எழுதுறதையே தொழிலா வச்சிருக்கிற எனக்கு இது நல்ல அடி.

அப்போ எனக்குள்ள வந்த கேள்விதான் இந்த எபிசோடு. ஒரு வாக்கியத்துல இருந்து அடுத்த வாக்கியத்துக்கு வாசகர் தடுக்கி விழாம எப்படிப் போறார்? தமிழ்ல இந்த வேலையை யார், எப்போ, எப்படிச் செஞ்சாங்க?

முதல்ல ஓலைச்சுவடிக்குப் போவோம். ஓலையில வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது. பத்தி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிறதுகூட பெரும்பாலும் கிடையாது. எழுத்தாணியால அழுத்திப் புள்ளி வச்சா ஓலை பொத்துக்கும். குறில் எகரம், நெடில் ஏகாரம் ரெண்டுக்கும் ஒரே கொம்புதான். துணைக்காலும் ‘ர’வும் பார்க்க ஒண்ணாவே இருக்கும்.

அப்புறம் எப்படிப் படிச்சாங்க? பாட்டா இருந்தா யாப்பு கை கொடுக்கும். எதுகை, மோனை, சீர் எல்லாம் சேர்ந்து எங்க நிறுத்தணும்னு காதுக்குச் சொல்லிடும். அந்தாதின்னு ஒரு வகை இருக்கு. ஒரு பாட்டு எதுல முடியுதோ, அடுத்த பாட்டு அதுலயே தொடங்கும். காரைக்கால் அம்மையாரோட அற்புதத் திருவந்தாதியில இப்படி 101 வெண்பா. ஏடு கலைஞ்சு போனாலும் வரிசையைத் திரும்பக் கோர்த்துடலாம். இந்த அந்தாதியை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

உரைநடைக்கு யாப்பு கிடையாது. அதை எது பிடிச்சு நிறுத்துச்சு? என்னோட பதில்: எதிர்ல உட்கார்ந்திருந்த மாணவர்.

நமக்குக் கிடைச்சிருக்கிற பழைய தமிழ் உரைநடைகள்ல முக்கியமானது இறையனார் களவியல் உரை. நக்கீரர் சொன்ன உரை பத்துத் தலைமுறை வாய்வழியா வந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரைக்கும் சேர்ந்ததா அந்த நூலே சொல்லுது. அந்த மரபுக் கணக்கை அப்படியே ஏத்துக்கணும்னு இல்ல. ஆனா அந்த எழுத்து பேச்சுல பிறந்ததுன்றது படிச்சாலே தெரியும். ஒரு கருத்தைச் சொல்வாங்க. உடனே மாணவர் கேக்கக்கூடிய கேள்வி வரும். ‘என்னை?’ன்னா ஏன். ‘அஃதேல்’னா அப்படின்னா. அதுக்குப் பதில், அந்தப் பதில்ல இருந்து இன்னொரு கேள்வி. பின்னாடி வந்த உரையாசிரியர்களும் இதே வழியில போனாங்க.

நான் மனுவுல போட்ட ‘மேலும்’, ‘எனவே’க்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. அங்க ஒரு ஆளு நிஜமாவே சந்தேகப்படுறார், அதனால ‘அஃதேல்’ வருது. என் மனுவுல யாரும் எதுவும் கேக்கல. ஃபெவிகால் மாதிரி நானே ஒட்டிவிட்டேன்.

ஓலையில இருந்து அச்சுக்கு வந்தப்போ பெரிய சிக்கல் வந்துச்சு. புத்தகத்தை ஒருத்தர் தனியா உட்கார்ந்து படிக்கிறார். பக்கத்துல ஆசிரியர் இல்ல, நிறுத்திச் சொல்லக் குரல் இல்ல. உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோட பதிப்பிச்சார். அதுக்காக அவர் பார்த்த ஏடுகள்ல பாட்டு எங்க முடியுது, உரை எங்க தொடங்குதுன்னு பிரிக்கிறதே ஒரு தனி வேலையா இருந்துச்சு.

இந்தச் சிக்கலை உரைநடையில நேரா எதிர்கொண்டவர் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). இளைஞரா இருந்தப்போ பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோட பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவினவர். மிஷனரிகளோட அச்சுப் புத்தகம் எப்படி இருக்கும்னு உள்ள இருந்தே பார்த்தவர். அப்புறம் சைவத்துக்காக அவங்களுக்கு எதிராவே நின்னார். 1849-ல் சென்னைக்கு வந்து அச்சு இயந்திரம் வாங்கிட்டுப்போய் வண்ணார்பண்ணையில வச்சார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலபாடம் போட்டார். 1852-ல் பெரியபுராணத்தை வசனமா எழுதி வெளியிட்டார்.

4,000க்கு மேற்பட்ட பாட்டுகளைக் கதையா மாத்துறதுன்னா யாப்பை எடுத்துட்டு வேற ஏதாவது ஒண்ணால அதைக் கட்டணும். நாவலர் மூணு வேலை செஞ்சார். படிக்கிறவங்க திணறாம இருக்கச் சந்தியைப் பிரிச்சார். காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறியைத் தமிழ் வசனத்துல தாராளமாப் பயன்படுத்தினார். நடந்ததை நடந்த வரிசையில வச்சார். அவர் வாக்கியங்கள் இன்னைக்கு நமக்கு நீளம்தான். ஆனா நடுவுல தொலைஞ்சு போக மாட்டோம். ஆசிரியர் குரல் செஞ்ச வேலையைக் குறியும் வரிசையும் செஞ்சுது.

ஏறக்குறைய அதே காலம், 1866-ல், ஸ்காட்லாந்து அபர்டீன்ல அலெக்சாண்டர் பெயின்னு ஒரு தர்க்கப் பேராசிரியர் ஆங்கிலப் பத்திக்கு விதிகள் எழுதினார். பத்தியோட தொடக்கம் அது எதைப் பத்தினதுன்னு காட்டணும். ஒவ்வொரு வாக்கியமும் முன்னாடி வந்ததோட எப்படித் தொடர்புன்னு தெளிவாத் தெரியணும். இன்னைக்கு ஸ்கூல்ல சொல்லித்தர்ற பாராகிராஃப் பாடத்தோட பெரிய வேர் அது. ரெண்டு ஊர்லயும் பிரச்சினை ஒண்ணுதான். வாசகர் தனியா இருக்கார், கேள்வி கேக்க முடியாது.

சரி, என் மனு. இந்த முறை எதிர்ல அந்த அலுவலரை உட்கார வச்சேன், மனசுக்குள்ளதான். அவர் முதல்ல என்ன கேப்பார்? ‘என்ன வேணும்?’ அதனால முதல் வரி: என் தாயாருக்குக் குடும்ப ஓய்வூதியம் வழங்கக் கோருகிறேன். ‘ஏன் வரல?’ அந்த ஓய்வூதியம் பெயர் வேறுபாட்டால் நின்றுள்ளது. ‘என்ன வேறுபாடு?’ பதிவேட்டில் முழுப்பெயரும் ஆதாரில் சுருக்கப்பெயரும் உள்ளன. ‘ரெண்டும் ஒரே ஆள்தானா?’ இரண்டும் ஒருவரே என்பதற்கான சான்றை இணைத்துள்ளேன்.

நாலே வரி. ஒரு ‘மேலும்’ இல்ல, ஒரு ‘எனவே’ இல்ல. ஒரு வரி விட்ட இடத்துல அடுத்தது எடுக்குது. அந்தாதி! அப்பாவோட உழைப்பும் அம்மாவோட சுகரும் அதுல இல்ல. அதை எடுக்கும்போது கொஞ்சம் வலிச்சுது. ஆனா அந்த அலுவலர் அதைக் கேக்கல.

மனு திரும்பி வரல. மூணாவது மாசம் பென்ஷன் வந்துச்சு. சான்றிதழாலயா, எழுத்தாலயான்னு எனக்குத் தெரியாது. ஆனா இப்போ இந்த ஸ்கிரிப்டை எழுதும்போதுகூட ஒவ்வொரு வரி முடிஞ்சதும் நீங்க எதிர்ல உட்கார்ந்து ‘அஃதேல்?’னு கேக்குறதா நினைச்சுக்கிட்டுத்தான் எழுதினேன். உங்களுக்கு எங்கயாவது தடுக்கியிருந்தா, அந்த இடத்துல உங்க கேள்வி எனக்குக் கேக்கலன்னு அர்த்தம்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.