கலைத்துப் போடாத வீடு

லண்டனின் கென்சிங்டன் பகுதியில் ஸ்டாஃபர்ட் டெரஸ் என்றொரு தெரு. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் அதன் வீடுகளில் 18ஆம் எண் வீட்டுக்கு 1875இல் குடிவந்தார் எட்வர்ட் லின்லி சாம்போர்ன். ‘பஞ்ச்’ என்ற நகைச்சுவை வார இதழின் ஓவியர். முந்தைய ஆண்டுதான் மேரியனை மணந்திருந்தார்.

அங்கிருந்து சிறிது தொலைவில் ஓவியர் ஃபிரெடரிக் லெய்ட்டனின் மாளிகை இருந்தது. கீழைநாட்டு ஓடுகள் பதித்த அரபு மண்டபமே அதில் உண்டு. சாம்போர்னிடம் அவ்வளவு பணமில்லை. ஆனால் கலைஞன் வீடு எப்படியிருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. வில்லியம் மாரிஸின் சுவர்த்தாள்கள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், நீலவெள்ளைப் பீங்கான், சுவரே தெரியாதபடி நெருக்கி மாட்டிய படங்கள் என்று தன் வருவாய்க்குள் அந்த ஆசையைத் தீர்த்துக்கொண்டார். பல ஆண்டுகள் அவருக்குத் தனி ஓவியக்கூடமும் இல்லை. வரவேற்பறையின் ஓரத்திலேதான் வரைந்தார்.

வார இதழ் வேலைக்கு அவகாசம் குறைவு. புதன்கிழமை இரவு விருந்தில் ஆசிரியர் குழு கூடிப் படத்தின் பொருளை முடிவுசெய்யும். வெள்ளிக்கிழமைக்குள் படம் தயாராக வேண்டும். அதற்காகவே சாம்போர்ன் கேமராவைக் கையில் எடுத்தார். வீட்டார், வேலையாட்கள், சில நேரம் வேடமிட்ட அவரே என எல்லாரும் மாதிரிகள். குளியலறையில் வைத்துப் படங்களைக் கழுவினார். இப்படிச் சேர்ந்தவை ஏறத்தாழ 30,000. ஆப்பிரிக்காவின் மேல் கால் பரப்பி நிற்கும் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியவாதி சிசில் ரோட்ஸின் புகழ்பெற்ற கேலிச்சித்திரமும் (1892) இவர் வரைந்ததே. மேரியன் எழுதிவந்த நாட்குறிப்புகளும் கிடைத்திருப்பதால், சுவரில் தொங்குவதை மட்டுமன்றி, அந்த வீட்டில் நாட்கள் நகர்ந்த விதத்தையும் இன்று அறிய முடிகிறது.

லெய்ட்டன் 1896இல் மறைந்ததும் அவருடைய சேகரிப்பு ஏலத்துக்குப் போனது; மாளிகை வெறிச்சோடியது. சாம்போர்ன் 1910இல் மறைந்தபின் அவர் வீட்டில் எதுவும் கலையவில்லை. மணமாகாத மகன் ராய் 1946இல் இறக்கும்வரை எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுவைத்தார். விக்டோரியா காலப் பொருள் என்றாலே அழுக்கு, அடைசல் என்று ஒதுக்கிய காலம் அது! ஒரு நாற்காலியையும் ஒரு சாடியையும் பின்னாளில் கடையில் தேடி வாங்கிவிடலாம். எது எதன் அருகில் இருந்தது என்பதை வாங்க முடியாது. லண்டனின் பெரிய மாளிகைகளிடமும் இல்லாத செல்வம் இந்த நடுத்தர வீட்டிடம் இருப்பது இதனால்தான்.

சாம்போர்னின் பேத்தியான ராஸ் கோமாட்டி ஆன் இன்னும் ஒரு படி மேலே போனார். விக்டோரியா காலக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் விக்டோரியன் சொசைட்டி 1958இல் இந்த வீட்டிலேயே தோன்ற வழிசெய்தார். கவிஞர் ஜான் பெட்ஜமன், கட்டடக்கலை வரலாற்றாசிரியர் நிக்கலஸ் பெவ்ஸ்னர் போன்றோர் உடன் நின்றனர். அவர்களால் யூஸ்டன் ரயில் நிலையத்தின் மாபெரும் வளைவைக் காக்க முடியவில்லை. 1960களின் தொடக்கத்தில் அது இடிபட்டது. ஆனால் இடிபடும் அபாயத்திலிருந்த செயின்ட் பாங்க்ரஸ் நிலையம், 1967இல் முதல்நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றுப் பிழைத்தது.

வீடு 1980இல் அன்றைய லண்டன் பெருநகர மன்றத்துக்கு விற்கப்பட்டு மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. 1989இல் கென்சிங்டன்–செல்சி நகராட்சிக்கு வந்தது. ஏலத்தில் காலியான லெய்ட்டன் மாளிகையும் அதே நகராட்சியின் பொறுப்பில்தான் உள்ளது. இரண்டும் புதுப்பிக்கப்பட்டு 2022இல் மீண்டும் திறக்கப்பட்டன. ஒரே நாளில் இரண்டையும் நடந்தே பார்த்துவிடலாம். முதலில் லெய்ட்டன் மாளிகையைப் பார்த்துவிட்டுச் சாம்போர்ன் வீட்டுக்கு வருவது நல்லது.