காப்பி இலையின் நோய்க்குப் பேர் இருக்கு, எங்கள் பாட்டிமாரின் நோய்க்கு?

உலகத்தில் காப்பிச் செடியின் நோய்களைப் பற்றி யார் எழுதினாலும் எங்கள் ஊர்ப் பேர் ஒரு இடத்தில் வந்துவிடும். இலங்கையில் காப்பி இலைத் துரு நோயை 1869ல் முதன்முதலாகக் கண்டது மடுல்சீமையில்தான். பேராதனைப் பூந்தோட்டத்தின் பணிப்பாளராக இருந்த த்வெய்ட்ஸ் நோய் பிடித்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்ற பூஞ்சண அறிஞர் அதே வருடமே அதற்கு 'ஹெமிலியா வாஸ்டட்ரிக்ஸ்' என்று பேர் வைத்தார். 1880ல் அந்த நோயைப் படிக்கவே மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி கப்பல் ஏறி இலங்கைக்கு வந்தார்.

அதே மலையில் அதே காலத்தில் பிள்ளை பெறும்போது செத்துப்போன பெண்களுக்கு என்ன வந்தது? எங்கள் லயங்களில் அதற்கு இருந்தது ஒரே ஒரு சொல்: ஜன்னி. "ஜன்னி கண்டு போயிட்டா" என்று சொல்லுவாங்க. அதோடு கதை முடிந்துவிடும்.

அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று, பிரசவத்துக்குப் பிறகு கிருமி தொற்றி வரும் காய்ச்சல். காய்ச்சல் முற்றினால் புத்தி தடுமாறிப் பிதற்றல் வரும். மற்றது, கர்ப்ப காலத்து உயர் இரத்த அழுத்தம் முற்றி வரும் வலிப்பு. முதலாவதற்குச் சுத்தமான கையும் பிறகு வந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் பதிலாக இருந்தன. இரண்டாவது அப்படிச் சுலபமானதில்லை. கர்ப்பத்தின் இருபதாவது வாரத்துக்குப் பிறகு சத்தம் போடாமல் ஏறும். கால் வீங்கும். ஆனால் நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறிப்பவளுக்குக் கால் வீங்குவது புதினமா? "நீர் இறங்கியிருக்கு, பிள்ளை பிறந்தா சரியாகிடும்" என்பார்கள். தலை இடிக்கும், கண் மங்கும், மேல்வயிறு வலிக்கும். அதற்குப் பிறகு வலிப்பு.

இதை முன்கூட்டியே பிடிக்கக் கண் மட்டும் போதாது. அழுத்தத்தை அளக்க வேண்டும், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையில் பட்டி கட்டி, காதுக்குழாய் வைத்துக் கேட்டு அழுத்தம் அளக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ் 1905ல்தான் சொன்னார். ஆக, கருவி வந்த பிறகு அது எந்த ஊர்ப் பெண்ணின் கையில் எப்போது கட்டப்பட்டது என்பதுதான் எங்கள் கேள்வி.

சட்டம் என்று பார்த்தால் தோட்டங்களுக்கு நிறையவே இருந்தது. காப்பித் தொழிலாளரின் மருத்துவ உதவிக்கு 1872லேயே ஒரு சட்டம் வந்தது. 1912ல் வந்த மருத்துவத் தேவைகள் சட்டம், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்கும் பொறுப்பைத் துரையிடம் ஒப்படைத்தது. 1939ல் மகப்பேற்று நலன் சட்டம் வந்தது. அதன்படி தோட்டங்கள் நலன் முழுவதையும் காசாகக் கொடுக்கத் தேவையில்லை. ஒரு பகுதியைப் பிரசவ அறை, மருத்துவிச்சி, சாப்பாடு என்ற வடிவில் கொடுக்கலாம். தோட்டத்துப் பிரசவ வார்டுகள் பரவியதில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்குண்டு.

இந்தச் சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் புலப்படும். எல்லாமே பிரசவத்தையும் அதற்குப் பிந்திய நாட்களையும் சுற்றியே நிற்கின்றன. வயிற்றில் ஐந்து, ஆறு மாதம் இருக்கும்போது ஒருத்தி தாயைத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவற்றில் பலமாக இல்லை. தொழிலாளி எத்தனை நாள் வேலைக்கு வரமாட்டாள் என்ற கணக்கு இருக்கு. அவளுக்கு என்ன ஆபத்து வரப்போகுது என்ற கணக்கு இல்லை.

ஆனால் அந்த இரண்டாவது கணக்கு அதே நாட்டில் வேறு இடத்தில் தொடங்கியிருந்தது. 1926ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு திறக்கப்பட்டது. குறிப்பிட்ட ஒரு பகுதி, அதற்கென்று மருத்துவ அதிகாரி, வீடு வீடாகப் போகும் பயிற்சி பெற்ற மருத்துவிச்சி. இன்று நாங்கள் எம்.ஓ.எச். அலுவலகம் என்று சொல்லுவதன் தொடக்கம் அதுதான். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1950 அளவில் அது சுமார் 550 ஆகிவிட்டது. பிற்காலத்தில் அது முப்பது அளவுக்குக் குறைந்தது. மலேரியா ஒழிப்பு, இலவச ஆஸ்பத்திரி, இரத்தம் ஏற்றும் வசதி, பெண் கல்வி எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. உலகமே உதாரணம் காட்டும் இந்தச் சாதனையை நாங்கள் குறைத்துச் சொல்ல வரவில்லை.

ஆனால் அந்த மருத்துவிச்சியின் பாதை தோட்டத்து கேட்டோடு நின்றது. உள்ளே போனால் அது கம்பனியின் இடம். அங்கே மருந்து கொடுப்பவரும் மருத்துவிச்சியும் தோட்டத்தின் சம்பளத்தில் இருப்பவர்கள். 1948ல் குடியுரிமையும் போன பிறகு, எங்கள் ஆட்களுக்காக அரசிடம் போய்க் கேட்க வாக்கும் இல்லை. 1970களின் நடுவில் தோட்டங்கள் அரசுடைமையானபோதுதான் நிலைமை அசையத் தொடங்கியது. அதே காலத்துப் பஞ்சத்தில் தோட்டங்களில் ஆயிரம் குழந்தைகளுக்கு நூறுக்கும் மேல் ஒரு வயதுக்குள் இறந்தன என்பதையும் மறக்கக் கூடாது. தாய்க்குச் சோறு இல்லாத இடத்தில் பிள்ளை எப்படித் தேறும்? 1992ல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பெடுக்கும் வேலை அதற்குப் பிறகு தொடங்கி, இழுபறியாகவே நடந்தது.

இதில் தாதியின் வேலை எங்கே வருகிறது? ஆபத்தான கர்ப்பம் என்றவுடன் நமக்கு டொக்டரும் ஒபரேசனும்தான் ஞாபகம் வரும். உண்மையில் அதில் பெரும்பகுதி பக்கத்தில் இருந்து பார்க்கிற வேலை. வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் என்ற மலிவான உப்பு மருந்து கொடுக்கிறார்கள். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2002ல் வெளியான மெக்பை ஆய்வு, அது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று காட்டியது. ஆனால் அளவு கூடினால் அதே மருந்து மூச்சை நிறுத்தும். அதனால் ஒரு நர்ஸ் அவளுடைய மூச்சை எண்ண வேண்டும். முழங்காலில் தட்டி, கால் துள்ளுதா என்று பார்க்க வேண்டும். மணிக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளக்க வேண்டும். முறிமருந்தான கல்சியம் குளுக்கோனேட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்த பிறகும் ஒரு நாளாவது இது தொடரும். இரத்தப்போக்கு வந்தாலும் இதே கதைதான். சோகை உள்ள உடம்பு இழப்பைத் தாங்காது. முதல் சில நிமிடங்களில் கர்ப்பப்பையை அழுத்தித் தேய்த்து இறுக வைக்கும் கைதான் அவளைக் காப்பாற்றும்.

அப்படியென்றால் இரண்டு பேர் வேண்டும். லயத்துக்கே வந்து ஆபத்தை முதலில் கண்டுபிடிக்கும் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் தாதி ஒருவர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது மடுல்சீமையின் பாதை. பசறைக்கு இறங்கி, அங்கிருந்து பதுளைக்கு. ஒரு காலத்தில் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவார்கள், அங்கிருந்து கொழுந்து லொறி. 2016ல் தொடங்கிப் பின்னர் நாடு முழுக்க வந்த 1990 அம்பியுலன்ஸ் இதைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. ஆனாலும் ரோட்டிலிருந்து மேல் லயத்துக்குப் போகும் படிக்கட்டில் எந்த அம்பியுலன்சும் ஏறாது. அதனால்தான் ஆபத்துள்ள தாய்மாரை நாள் நெருங்குமுன்பே வாட்டில் சேர்த்துவிடச் சொல்கிறார்கள். அது சரியான முடிவு. ஆனால் வீட்டில் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது, கிளினிக் போன நாளுக்குப் பேர் விழுமா என்ற கேள்விகளுக்குக் கிளினிக் அட்டையில் இடமில்லை.

மொழியும் ஒரு தூரம்தான். "தலை வலிக்குது" என்று சிங்களத்தில் சொல்லத் தெரிந்த பெண்கள் எங்கள் தோட்டங்களில் நிறைய இருக்கிறார்கள். "கண்ணு முன்னாடி மின்னி மின்னி மறையுது" என்று சொல்ல எத்தனை பேருக்குத் தெரியும்? வலிப்பு வரப்போகுது என்று நர்சுக்குச் சொல்லும் வாக்கியம் அதுதான். தமிழ் தெரிந்த தாதியும் குடும்பநல உத்தியோகத்தரும் வேண்டும் என்று நாங்கள் கேட்பதை இன உரிமைக் கோரிக்கையாக மட்டும் பார்க்க வேண்டாம். இரத்த அழுத்தக் கருவி எவ்வளவு தேவையோ அதுவும் அவ்வளவு தேவை.

2018ல் ஒரு திருத்தம் வந்தது. அதற்கு முன் மூன்றாவது பிள்ளையிலிருந்து பாதியாக இருந்த மகப்பேற்று விடுமுறை, எத்தனையாவது பிள்ளை என்றாலும் பன்னிரண்டு வாரம் என்று ஆனது. சட்டம் மாறும் என்பதற்கு அது சாட்சி. 1872லிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் மாறியிருக்கிறது.

எங்கள் வீட்டுக் கிழவிகளிடம் இப்போதே கேட்க வேண்டியது ஒன்று இருக்கு. "ஜன்னி கண்டுச்சு" என்று அவர்கள் சொல்லும்போது அங்கேயே நிறுத்தாமல், காய்ச்சல் இருந்துச்சா, கை கால் இழுத்துச்சா, எத்தனை மாசம், யார் கூட இருந்தா, ரோட்டுக்கு எப்படிக் கொண்டு வந்தீங்க என்று கேட்போம். போனவளுடைய பேரையும் கேட்டு எழுதி வைப்போம். இலைக்கு இதே மலையில் அத்தனை விசாரணை நடந்திருக்கிறது.